தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா?

கஞ்சாவைப் பிடிப்பதற்குத் துறை இருக்கிறது; வாகனம் இருக்கிறது; மோப்ப நாய் இருக்கிறது; கடுமையான சட்டமும் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன் அதன் பக்கம் போகாமல் தடுப்பதற்கு என்ன இருக்கிறது? ஆண்டுக்கொரு முறை ஓர் உறுதிமொழி இருக்கிறது. ஓர் ஊர்வலம் இருக்கிறது. ஊர்வலத்தில் தூக்கி வந்த பதாகை இருக்கிறது. கன்றின் கழுத்துத் தும்பை நழுவவிட்டு, அது ஓடத் தொடங்கிய பின் வாலைப் பிடித்துத் தொங்குபவனைக் கண்டால் ஊர் நகைக்கும். நம் நிர்வாகங்கள் இந்த விஷயத்தில் அதைத்தான் செய்து கொண்டிருக்கின்றன. நாமோ நகைக்கவும் மறந்து, கண்டிக்கவும் மறந்து, வேடிக்கை பார்த்து நிற்கின்றோம்.

இக்கட்டுரையின் வாதம் சுருக்கமானது. கஞ்சாவிலிருந்து இளைஞரைக் காக்கும் தடுப்புப் பணிக்குத் தனி நிதி வேண்டும். அந்நிதி உள்ளாட்சி மன்றத்தின் கையில் இருக்க வேண்டும். அது போதையில் பிறந்த வருமானமாக இல்லாமல், உழைப்பில் பிறந்த வரியாக இருக்க வேண்டும். இம்மூன்றையும் கேட்டுப் பெறும் கடமை நம் மஹல்லாக்களுக்கும் உண்டு.

எல்லையில் நிற்கும் ஊர்

ஓசூரை எடுத்துக் கொள்வோம். 1971-இல் அமைக்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் முந்திய தொழிற்பேட்டைகளுள் ஒன்று இவ்வூரில் எழுந்தது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் பெரிய ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கருநாடகம். மாவட்டத்தின் மறு பக்கத்தில் குப்பத்தை ஒட்டி ஆந்திரம். சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் கைகோத்துக் கொள்கின்றன.

வணிகத்திற்கு இத்துணை வசதியான இடம், விஷத்திற்கும் வசதியான இடமாகிவிட்டது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைப்பகுதிகளில் விளையும் கஞ்சா இரயிலிலும் பேருந்திலும் சரக்கு வண்டியிலும் தெற்கே இறங்குகிறது. ஒரு மாநிலத்துக் காவலர் துரத்தினால் மறு மாநிலத்திற்குள் நுழைந்து கொள்ளலாம் என்னும் எண்ணம் கடத்துபவனுக்குத் துணிவைத் தருகிறது. அதை வாங்கும் கை எது? பெரும்பாலும் இளைய கை. ஐ.டி.ஐ. முடித்து, ஊரை விட்டு வந்து, ஒப்பந்தக் கூலியாக மூன்று ஷிப்டில் மாறி மாறி உழைத்து, ஓர் அறையில் நால்வராய்ப் படுத்துறங்கும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். இரவு வேலை முடிந்து விடியலில் திரும்பும் அவனுக்குத் தாயின் கண் இல்லை; ஜமாஅத்தின் கண் இல்லை; விளையாட ஒரு திடல் இல்லை. கையில் சம்பளம் மட்டும் இருக்கிறது. அவனைத் தேடிப் பொட்டலம் வருகிறது, வேறெவரும் வருவதில்லை.

கைதுகளும் உறுதிமொழிகளும்

காவல்துறை உறங்குகிறது என்று நாம் குறை கூறவில்லை. 2021 டிசம்பரில் ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ என்னும் பெயரில் தமிழகமெங்கும் தேடுதல் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நடந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடைச் சட்டம் 20 கிலோவுக்கு மேற்பட்டதை வணிக அளவென வகுத்து, அதற்குப் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல் விதிக்கிறது. ஆனால், ஒரு கிலோவுக்கு உட்பட்டது ‘சிறிய அளவு’. தெருமுனையில் கைமாறும் பொட்டலம் கிராம் கணக்கிலானது. ஒரு பையன் சிறைக்குப் போனால் அவனது இடத்தில் நிற்க இன்னொரு பையன் வருகிறான். பொட்டலத்தைக் கேட்கும் நாவு ஊரில் இருக்கும் வரை, கொண்டுவரும் கால்களுக்குப் பஞ்சம் வராது.

பிரசாரமும் இல்லாமலில்லை. 2020 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு 272 மாவட்டங்களில் போதையற்ற பாரத இயக்கத்தைத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலைமையில் தமிழகத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் உறுதிமொழி எடுத்தனர். 2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்னும் பெயரில் 25 மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. ஒவ்வொன்றும் நல்லதே. எனினும் கைது என்பது குற்றத்திற்குப் பின் வருவது. மருத்துவம் என்பது நோய்க்குப் பின் வருவது. உறுதிமொழியோ, ஒரு நாள் காலையில் வாயிலிருந்து புறப்பட்டு அன்று மாலையே காற்றில் கலந்துவிடுவது. வருமுன் காக்கும் பணி ஆண்டின் மற்ற 364 நாட்களிலும் யாருடைய பொறுப்பு?

நிலைமையின் அளவைப் பாருங்கள். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பின் அறிக்கை 2019-இல் வெளிவந்தது. அதன்படி பாங்கும் கஞ்சாவும் சரஸும் பயன்படுத்துவோர் நாட்டில் ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் பேர். அவர்களுள் 10 முதல் 17 வயதுக்குட்பட்ட சிறார் மட்டும் சுமார் 20 இலட்சம். சட்ட விரோதப் போதைக்கு அடிமையானவர்களுள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் இருபதில் ஒருவரே. இந்தக் கணக்கிற்குப் பின்னும், பிடித்துப் பிடித்தே தீர்த்து விடலாம் என்று நம்புபவர் இருந்தால் அவருடைய நம்பிக்கையை வியக்கத்தான் வேண்டும்.

அறிவு என்னும் தும்பு

ஷரீஅத் காக்க விரும்பும் ஐந்து பொருள்களை நம் இமாம்கள் எண்ணிச் சொன்னார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம். அறிவைக் குறிக்கும் ‘அக்ல்’ என்னும் அரபுச் சொல்லுக்கும், ஒட்டகத்தின் காலைப் பிணைக்கும் கயிறாகிய ‘இகால்’ என்னும் சொல்லுக்கும் வேர் ஒன்றே. மனிதனைத் தடம் புரளாமல் கட்டி வைக்கும் தும்பு அறிவுதான் என்பதை மொழியே உணர்த்துகிறது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மீது பாரத்தைப் போட எண்ணியவருக்குப் பெருமானார் (ஸல்) அளித்த அறிவுரையை மக்தப் பிள்ளையும் அறிவான். முதலில் கட்டு; பிறகு நம்பு. முதலில் அவிழ்த்து விட்டுப் பிறகு தேடு என்று யாரும் கற்பிக்கவில்லை.

திருமறையில் கஞ்சாவின் பெயர் இல்லையே என்று விதண்டாவாதம் பேசுவோர் அன்றும் இருந்தனர். ஹிஜ்ரி 794-இல் மறைந்த இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஹஷீஷ் ஹராம் என்பதை நிறுவத் தனி நூலே எழுதினார்கள். பெயர் எதுவானாலும் அறிவை மயக்குவது ஹராமே என்பதில் நமக்கு ஐயமில்லை. மருத்துவம் இன்று கூறுவதும் வேறன்று. மனித மூளை இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. பதின்பருவத்தில் கஞ்சாவைத் தொட்டவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர். இளவயதில் மிகுதியாகப் பயன்படுத்துவோருக்குச் சித்தப் பிரமை உண்டாகும் அபாயம் கூடுகிறது. தும்பு முறுக்கேறும் பருவத்திலேயே அதை அறுத்தெறியும் பொருள் இது.

ஹராம் என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் தடுப்புப் பணிக்கான அனைத்துலக நெறிகளின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டன. வெறும் சொற்பொழிவு, அச்சமூட்டும் படம், முன்னாள் அடிமையை மேடையேற்றி அவர் கதையைக் கேட்பது, நல்லொழுக்க உபதேசத்தோடு மட்டும் நிறுத்திக் கொள்வது ஆகியவை பலன் தருவதாகத் தெரியவில்லை என்று அவை எடுத்துரைக்கின்றன. நம் பள்ளிகளிலும் மேடைகளிலும் நடப்பது பெரும்பாலும் இவையே. ஜும்ஆ பயானும் இந்த எச்சரிக்கைக்கு விலக்கன்று. பலன் தருபவை எவை? பயிற்சி பெற்ற ஆசிரியர், வாரந்தோறும் சிறு குழுவாக அமர்த்தி, நண்பன் நீட்டும் போது மறுக்கும் திறனைப் பழக்குவது. பிள்ளையை வளர்க்கும் முறையைப் பெற்றோர்க்குக் கற்பிப்பது. தடுமாறும் பிள்ளையை முன்கூட்டியே இனங்கண்டு ஆதரிப்பது. இவை யாவும் ஆள் கேட்கும், காலம் கேட்கும், ஆதலால் பணம் கேட்கும். மூன்றும் கேட்காத உறுதிமொழியை நிர்வாகங்கள் விரும்புவதன் இரகசியம் இதுதான்.

பணம் கொடுத்துச் சாதித்த ஊர் உண்டா என்று கேட்பீர்கள். ஐஸ்லாந்து நாட்டைப் பாருங்கள். 1998-இல் அங்கே 15, 16 வயது மாணவருள் நூற்றுக்கு 42 பேர் முந்திய மாதத்தில் குடித்து மயங்கியதாகக் கூறினர். 17 பேர் கஞ்சாவைத் தொட்டதாகக் கூறினர். 2016-இல் அவை முறையே 5 ஆகவும் 7 ஆகவும் இறங்கின. மாலை நேரத்தில் பிள்ளைகள் விளையாட்டிலோ கலையிலோ ஈடுபட ரெய்காவிக் நகராட்சி பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கியது. இரவில் பிள்ளை எங்கிருக்கிறான் என்பதைப் பெற்றோர் கூட்டாகக் கவனித்தனர். எல்லாம் ஒரே திட்டத்தால் விளைந்தது என்று வாதிட வேண்டியதில்லை. ஆனால், நகராட்சியின் கணக்கேட்டில் பிள்ளைக்கென்று ஒரு வரி இருந்தது. அந்த வரி வீணாகவில்லை.

விஷத்தை விற்று மருந்து வாங்குவதா?

இங்கே ஒரு புதிய வாதம் கிளம்புகிறது. கஞ்சாவை அனுமதித்து விடுங்கள். அதன் மேல் வரி போடுங்கள். அந்த வரிப்பணத்தாலேயே இளைஞரைக் காத்துக் கொள்ளுங்கள் என்கின்றனர் சிலர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதைச் செய்தே பார்த்தது. 2016 நவம்பரில் 64-ஆவது முன்மொழிவு என்னும் பெயரில் மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கினர். குறிப்பிட்ட சில செலவுகள் போக எஞ்சிய கஞ்சா வரியில் நூற்றுக்கு 60 இளைஞர் கல்விக்கும் தடுப்புக்கும் சிகிச்சைக்கும், 20 சுற்றுச்சூழலுக்கு, 20 பொதுப் பாதுகாப்புக்கு. அப்பாதுகாப்புப் பங்கிலிருந்து நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் மானியம் வழங்கப்படுகிறது.

தடுப்புக்கென்று சட்டத்திலேயே ஒரு பங்கை எழுதி வைத்தார்களே, அது பாராட்டத்தக்கது; நாம் கற்க வேண்டியது. ஆனால், அதே சட்டத்தின் மறு பக்கத்தைப் புரட்டுங்கள். தன் எல்லைக்குள் கஞ்சாக் கடையைத் தடை செய்த உள்ளாட்சிக்கு அந்த மானியம் கிடையாது! கடை வைக்க இடம் கொடுத்தவனுக்குக் காவலுக்குப் பணம். கடையே வேண்டாம் என்று மானத்தோடு மறுத்தவனுக்கு வெறுங்கை. பக்கத்து ஊர்க் கடையிலிருந்து புகை எல்லை தாண்டி வராதா? வரும். வந்தாலும் அவன் தன் செலவில்தான் தடுத்துக் கொள்ள வேண்டும். தீமையின் வருமானத்தோடு நன்மையை முடிச்சுப் போட்டால், நன்மை வளரத் தீமையும் வளர்ந்தாக வேண்டும் என்னும் விபரீதமே மிஞ்சும்.

இதற்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. 2023-24-ஆம் ஆண்டில் மது விற்பனையால் தமிழக அரசுக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. குடியின் வருமானத்தில் பழகிய கருவூலம் குடியை விட்டு வெளியேற இயலாமல் தவிப்பதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவையும் போதைப் பொருளையும் ஒழிக்க முயலுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது. அவ்வரி ஏட்டுச் சுரைக்காயாய்க் கிடக்கிறது. கஞ்சாவையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் நாளைக்கு அதை நீக்கும் துணிவு எவருக்கு வரும்?

துணிந்தவர் வரலாற்றில் உண்டு. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், ஹஷீஷ் விற்பனையின் மீது குத்தகையாக வாங்கப்பட்டு வந்த வரியையே ஒழித்தார். கருவூலத்திற்கு வரும் நஷ்டத்தை அவர் பொருட்படுத்தவில்லை. நம் மண்ணிலும் சான்று உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி அவர்கள், சென்னை மாகாணப் பிரதமராக இருந்த போது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இன்றைய ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்திலேயே இருந்தன. இழந்த வருமானத்தை ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டு வந்தார். அரசியலில் அவரோடு வேறுபடுவோர் பலர் இருக்கலாம். தீமையின் வருமானத்தை விட்டால் அரசு பிழைக்காது என்னும் சாக்கு இந்த மண்ணிலேயே ஒருமுறை பொய்யாக்கப்பட்டது என்பதை மறுப்பவர் எவர்?

பணம் எங்கே இருக்கிறது?

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? ஓசூரில் இதைக் கேட்பது, ஆற்றில் நின்று கொண்டு நீர் எங்கே என்று கேட்பது போன்றதாகும்.

முதலாவது, தொழில் வரி. தமிழகத்தில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டும் ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் இவ்வரி பிடிக்கப்படுகிறது. இது உள்ளாட்சி அமைப்புக்கே சேருகிறது. நாம் மேலே கண்ட அறைவாசி இளைஞனும் இதைச் செலுத்துகிறான். அவனுடைய உழைப்பின் வரியில் ஒரு சிறு பங்கையேனும் அவனைக் காப்பதற்கு ஒதுக்கினால் அது தர்மமன்று; கடன் தீர்ப்பதாகும்.

இரண்டாவது, ஆலைகள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, வரையறுத்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. வருமுன் காக்கும் சுகாதாரமும் அப்பணிகளுள் ஒன்று. ஆலை அமைந்துள்ள வட்டாரத்திற்கு முன்னுரிமை தருமாறும் அச்சட்டம் கூறுகிறது. மரம் நட்டுப் படம் எடுத்துக் கொள்ளும் நிறுவனங்களிடம், மனிதக் கன்றுகளையும் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்பதில் தவறென்ன?

மூன்றாவது, மத்திய அரசின் மானியம். சமூக நீதித் துறை போதைத் தடுப்புக்கென வகுத்து 2015-இல் திருத்திய திட்டத்திலேயே, தொண்டு நிறுவனங்களோடு ஊராட்சிகளும் நகராட்சிகளும் விண்ணப்பிக்கத் தகுதியுடையவையாகக் குறிக்கப்பட்டிருந்தன. 2018 முதல் அப்பணி தேசியச் செயல் திட்டமாக விரிந்தது. சிறுவரிடையே தோழர்கள் வாயிலாகத் தடுப்புப் பணி செய்வதற்கும் அதில் இடமுண்டு. கதவு திறந்திருந்தாலும், தட்டுபவர் யார் என்பதே கேள்வி.

இது எங்கள் வேலையன்று என்று மாநகராட்சி சொல்லக்கூடும். அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை நகர மன்றங்களுக்குரிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. போதைத் தடுப்பு என்னும் சொல் அதில் இல்லைதான். ஆனால் பொதுச் சுகாதாரம் இருக்கிறது. கொசுவை ஒழிப்பது பொதுச் சுகாதாரம். பிள்ளையின் மூளையைத் தின்னும் புகையை ஒழிப்பது மட்டும் காவல்துறைக் காரியமா? எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்தப் பாழ்மனையில் இரவில் கூட்டம் கூடுகிறது, எந்தப் பள்ளியில் பிள்ளைகள் இடையில் நிற்கின்றனர் என்பதெல்லாம் டில்லிக்கும் தெரியாது, சென்னைக்கும் தெரியாது. ஓசூரின் 45 வார்டு உறுப்பினர்களுக்குத் தெரியும். தெரிந்தவன் கையில் பணம் வேண்டும். பணம் வாங்கியவன் கணக்குக் காட்ட வேண்டும். ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு, அதன் செலவுக் கணக்கு மக்கள் பார்வைக்கு, எத்தனைப் பதாகை கட்டினோம் என்பதற்குப் பதிலாக எத்தனைப் பிள்ளைகள் பள்ளியில் நிலைத்தனர் என்னும் அளவுகோல் – இம்மூன்றும் இல்லாத நிதி மறுபடியும் ஊர்வலமாகத்தான் கரையும்.

நம் வீட்டு வாசல்

இனி நம்மவரிடம் சில சொற்கள். ‘இதெல்லாம் வடநாட்டிலிருந்து வந்த கூலிகளின் பழக்கம், நம் பிள்ளைகள் அப்படியல்லர்’ என்னும் பேச்சை நிறுத்துவோம். புகைக்கு மொழியும் தெரியாது, மதமும் தெரியாது. வந்தவன் மீது பழி போடுவது எளிது. அது அநீதியும் ஆகும். அவனும் ஒரு தாயின் பிள்ளையே. அவனைக் காக்கும் திட்டமே நம் பிள்ளையையும் காக்கும்.

மறைத்து வைக்கும் வழக்கத்தையும் விடுவோம். பையன் தடுமாறுகிறான் என்று தெரிந்ததும் அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்து, ஒரு பெண்ணின் வாழ்வையும் சேர்த்துக் கெடுக்கும் குடும்பங்கள் உண்டு. போதைப் பொருள் தடைச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு தொடர்புடைய அடிமை தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், அவனை வழக்கிலிருந்து விடுவிக்க வழி செய்திருக்கிறது. 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் அவமானமில்லை. அவனைப் பூட்டி வைத்து மானம் காப்பதாக எண்ணுவதே அவமானம்.

மீலாது வளைவுகளுக்கும் திருமண விருந்துகளுக்கும் நாம் செலவிடும் தொகையை எண்ணிப் பார்த்தால், பள்ளிவாசல் வளாகத்தில் மாலைப் படிப்பகமும் விளையாட்டும் நடத்தப் பணமில்லை என்று எந்த முத்தவல்லியும் சொல்ல இயலாது. அது நம் பங்கு. ஆயினும் நம் பங்கைச் செய்வது அரசின் பங்கை மன்னிப்பதாகாது. கிராம சபை கூடும் நாட்களிலும் நகரில் பகுதி சபை கூடும் நாட்களிலும் நாம் போய் உட்கார வேண்டும். கோயில் நிர்வாகியையும் தேவாலயப் பங்கையும் தொழிற்சங்கத்தையும் உடன் அழைத்துக் கொண்டு, இளைஞர் தடுப்பு நிதிக்குத் தனித் தலைப்பு வேண்டும் என்று தீர்மானம் எழுதித் தர வேண்டும். சாலையும் சாக்கடையும் கேட்கத் தெரிந்த நமக்குப் பிள்ளையின் அறிவைக் கேட்கத் தெரியாமல் போனதேன்?

சாலை பழுதானால் அடுத்த ஆண்டு செப்பனிடலாம். பதினாறு வயதில் பழுதாகும் அறிவுக்கு அப்படி ஓர் அடுத்த ஆண்டு வாய்க்குமென்று உறுதி இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டிய காலத்தில் கேட்கும் துணிவையும், நம் சந்ததியின் அறிவைக் காக்கும் பேற்றையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.